பௌர்ணமியன்று வராத மேடு

2009 ஜூலை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறையில் ஒரு விரிவுரையாளரின் ஆராய்ச்சியை நான் முடித்து வைத்தேன். நாலு நிமிடம் ஆனது. அவர் அதற்குக் கொடுத்திருந்தது ஐந்து வருடம். அன்றைய டைரியில் மணியை மட்டும் குறித்திருக்கிறேன். மற்றதை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் அந்தத் துறையில் லேப் அசிஸ்டென்ட். 1989-இல் சேர்ந்தேன். பி.எஸ்சி. முடித்து, எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்த அதே மாதம் இந்த வேலையும் கிடைத்தது. வீட்டில் வேலையைத்தான் எடுக்கச் சொன்னார்கள். ஸ்பெக்ட்ரோமீட்டரைத் துடைப்பது, ஊசலுக்கு நூல் கட்டுவது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று இருபது வருடம் போனது. கல்லூரி நூலகத்தில் எனக்கும் ஒரு அட்டை இருந்தது. சில புத்தகங்களின் கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டில் என் தேதிகளைத் தவிர வேறு தேதி கிடையாது.

பைத்தான் என்ற கணினி மொழியை நானாகத்தான் கற்றுக்கொண்டேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களை நம்பி நடந்த ஒரு நெட் சென்டரில், 2005-இல், அந்த மொழியின் கையேட்டை அச்செடுத்துச் சுருள் கம்பி போட்டு வைத்துக்கொண்டேன். கணினி கிடைக்காத நேரத்தில் லாங் சைஸ் நோட்டில் பென்சிலால் எழுதிப் பார்ப்பேன். பைத்தானில் வரியின் ஆரம்பத்தில் எத்தனை இடம் விடுகிறோம் என்பதும் கணக்கு. அதனால் கட்டம் போட்ட நோட்டு வாங்கினேன்.

அந்த விரிவுரையாளரைப் பற்றி, மேடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆரணிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கல்யாணமாகி வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் இருந்தார். அப்போது முப்பது வயதிருக்கும். தற்காலிக விரிவுரையாளர். துறைத்தலைவரை வழிகாட்டியாகக் கொண்டு பகுதிநேர பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். துறையில் மற்றவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், துறைத்தலைவர் 'யோவ்' என்பார், மேடம் ஒருவர்தான் அண்ணா என்பார்.

அவருடைய பதிவு 2009 ஆகஸ்ட் கடைசியோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். டாக்டர் பட்டம் இல்லாத தற்காலிக ஆட்களுக்கு அடுத்த வருடம் வேலை இல்லை என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. வீட்டிலும் ஆகஸ்ட் வரைக்கும்தான் பொறுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஒருநாள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே அவர் என்னிடம் சொன்னார்: "ஆகஸ்ட் தாண்டிச்சுன்னா எனக்கு இங்கயும் கிடையாது, அங்கயும் கிடையாதுண்ணா. டீச்சர் ட்ரெய்னிங் சர்ட்டிபிகேட்ட தூசி தட்ட வேண்டியதுதான்."

அவருடைய ஆராய்ச்சி முழுக்கக் கணினிக்குள் நடந்தது. ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எதிரெதிரே இரண்டு சுவர்கள், நடுவே சில ஆயிரம் அணுக்கள். ஒவ்வொரு அணுவும் மற்றதை இழுக்கும், தள்ளும். அந்த விசைகளைக் கணக்கிட்டு எல்லா அணுக்களையும் ஒரு இம்மி நகர்த்தினால் ஒரு படி. இப்படிக் கோடிக்கணக்கான படிகள். சுவர்களை நெருக்கினால் நடுவிலுள்ள திரவம் சீக்கிரம் உறையுமா, தாமதமாக உறையுமா? இதுதான் அவர் கேள்வி. 2007-இல் மூன்று வெப்பநிலைகளில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்து, சீக்கிரம் உறைகிறது என்று ஒரு விடை எடுத்து, ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தார். அது போதாது, நீளமாக ஓட்ட வேண்டும் என்றார் துறைத்தலைவர். ஒரே மாதிரி மூன்று கணினிகள் வந்தன. மூன்று வெப்பநிலைகளுக்கு ஒவ்வொன்று. 2008 அக்டோபர் முதல் வாரம் மூன்றையும் ஓடவிட்டோம்.

அந்த வருடம்தான் தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு தொடங்கியிருந்தது. எங்கள் யு.பி.எஸ். பேட்டரி செத்து ஒரு வருடமாகியிருந்தது. மேடம் என்னிடம் கேட்டார்: "கரெண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானா ஆன் ஆகி, விட்ட எடத்துலருந்து ஓடற மாதிரி செஞ்சிர முடியுமாண்ணா?"

"முடியும் மேடம்."

செய்தேன். கணினி விழித்ததும் தானாக ஓடும் கட்டளைக் கோப்பு ஒன்றை எழுதி மூன்றிலும் போட்டேன். கடைசியாகச் சேமித்த படியிலிருந்து அது தொடரும். மின்சாரம் போகும் நேரம், வரும் நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். துறையின் ஜெனரேட்டர் என் பொறுப்பில் இருந்தது. அதற்காக வைத்த நோட்டு. நான் இல்லாத நேரத்துக்கு வாட்ச்மேனைக் கேட்டு எழுதிக்கொள்வேன். அந்த ஜெனரேட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும்தான்.

மூன்று கணினிகளும் நூறு படிகளுக்கு ஒரு வரி வீதம் எழுதித் தள்ளின. படி எண், வெப்பம், ஆற்றல், அழுத்தம் என்று எண்கள் மட்டுமே கொண்ட வரிகள். இலட்சக்கணக்கில் வரும் வரிகளை யார் படிப்பது? அங்கேதான் என் பைத்தான் வந்தது. கோப்பைத் திறந்து வரி வரியாக வாங்கி, வேண்டிய பத்தியை எடுத்து, ஆயிரம் வரிக்கு ஒரு சராசரி போட்டு, வரைபடமாகக் கொடுக்கும் நாற்பது வரி நிரல். மேடம் கையால் ஒரு வாரம் போட்ட கணக்கை அது ஒன்றரை நிமிடத்தில் போட்டது. அவர் நாற்காலியைச் சத்தமாகப் பின்னால் தள்ளி எழுந்து, "அண்ணா, நீங்க எங்கயோ இருக்க வேண்டிய ஆளு" என்றார். நான் வீட்டுக்குப் போய் அதை டைரியில் எழுதினேன்.

டிசம்பரில் அவருடைய முதல் கட்டுரை ஒரு கருத்தரங்குத் தொகுப்பில் வந்தது. நான் வரைந்த இரண்டு படங்கள் அதில் இருந்தன. என் பெயர் இல்லை. கடைசியில் நன்றி சொன்ன பத்தியிலும் இல்லை. கல்லூரி நிர்வாகத்துக்கும் துறைத்தலைவருக்கும் கணவருக்கும் நன்றி இருந்தது. ஜனவரியில், ஒரு புதன்கிழமை, நான் பேட்டரி அறைக்குள் இருக்கும்போது வெளியே மேடமும் வேதியியல் துறை மேடம் ஒருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"படமெல்லாம் சூப்பரா இருக்கே, நீயா போட்டே?"

"எங்க லேப் அண்ணா."

"அவர் பேரு இல்லையே?"

மேடம் சிரித்தார். "லேப் அசிஸ்டென்ட் பேரெல்லாம் போட்டா பேப்பர யாரு மதிப்பாங்க? ஊசி, நூலுக்கெல்லாம் நன்றி சொல்லிட்டு இருக்க முடியுமா?"

அதில் விஷம் எதுவும் இல்லை. சாதாரணமாக, சிரித்துக்கொண்டே சொன்னார். கொஞ்சநேரம் கழித்து உள்ளே வந்து, "அண்ணா, அழுத்தத்துக்கும் ஒரு கிராப் போட்டுக் குடுங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

இதற்கிடையில் அந்த வரைபடங்களில் ஒரு விசித்திரம் தெரியத் தொடங்கியிருந்தது. ஆற்றல் கோடு சமமாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு சின்ன மேடு எழும்பி, மெல்ல இறங்கும். மறுபடி சமம். மறுபடி ஒரு மேடு. ஏறக்குறைய ஒரே இடைவெளி. மூன்று வெப்பநிலைகளிலும் அதே இடத்தில். துறைத்தலைவர் படத்தைப் பார்த்துவிட்டு மேசையைத் தட்டினார். "திரவம் மூச்சு விடுதும்மா! எந்த வெப்பநிலைக்கும் ஒரே மூச்சு. இத யாரும் பாத்ததில்ல. ஆய்வேடே இதுதான்." மூன்றாம் அத்தியாயம் பின்னால் போனது, மூச்சு முன்னால் வந்தது.

சில இடங்களில் மேடு வராமல் போகும். டிசம்பரில் தொடர்ந்து பத்து மேடுகளைக் காணோம். அதற்கும் துறைத்தலைவர் ஒரு பெயர் கொடுத்தார்: இன்டர்மிட்டன்சி. விட்டு விட்டு வருவது என்று பொருள். அதற்காகத் தனியாகப் பதினைந்து பக்கம் எழுதச் சொன்னார். மேடம் எழுதினார்.

மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள், 2009 மார்ச் பன்னிரண்டு, வியாழக்கிழமை. முதல்நாள் கிரிவலக் கூட்டத்தில் பஸ் ஊருக்குள் வராததால் நான் அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்திருந்தேன், கால் வலி. உட்கார்ந்தபடி செய்யும் வேலையாக, மேடுகளைத் தானாக எண்ணும் ஒரு நிரலை எழுதி முடித்தேன். எந்தெந்த மேடு வரவில்லை என்று அது ஒரு பட்டியல் கொடுக்கும். பத்து மேடு காணாமல்போன இடத்தையும் அதைத் தாண்டும் இடைவெளியையும் தள்ளி வைத்துவிட்டு, தனித்தனியாக விடுபட்டவற்றுக்கு இடையே எத்தனை நாள் ஓட்டம் என்று கணக்கிட்டேன்.

முப்பது. இருபத்தொன்பது. முப்பது.

திருவண்ணாமலையில் இருப்பவனுக்கு இந்த எண்களை யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் காலண்டர் இல்லாவிட்டாலும், பஸ் ஸ்டாண்டில் எப்போது நிற்க முடியாது என்பதை வைத்தே பௌர்ணமி தெரியும் ஊர் இது. ஒரு நிமிடம் எனக்கு உடம்பு சிலிர்த்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். கணினிக்குள் அடைத்து வைத்த அணுக்களுக்கும் நிலாவுக்கும் ஏதோ இருக்கிறது என்று, இருபது வருடம் இயற்பியல் துறையில் இருந்த நான், நம்பினேன். பிறகு மின்வெட்டு நோட்டை எடுத்தேன்.

எங்கள் கல்லூரிக்கு மின்சாரம் வரும் லைன்தான் கிரிவலப் பாதைக்கும் போகிறது. பௌர்ணமியன்று அதில் வெட்டு கிடையாது. கார்த்திகை தீபம் நடக்கும் பத்து நாளும் கிடையாது. நோட்டில் மின்சாரம் வந்த நேரங்களைப் படி எண்ணாக மாற்றி, மேடுகளுக்குக் கீழே சிவப்புக் கோடாகப் போட்டேன். ஒவ்வொரு மேட்டின் காலடியிலும் ஒரு கோடு நின்றது. திரவம் மூச்சு விடவில்லை. மின்வாரியம்தான் விட்டுக்கொண்டிருந்தது.

மின்சாரம் போய் வந்தால் மேடு ஏன் வர வேண்டும்? என் கட்டளைக் கோப்பைத் திறந்தேன். நிரலுக்குக் கொடுக்கும் அமைப்பில் ஒரு இடம் உண்டு. அங்கே 1 என்றிருந்தால் எல்லா அணுக்களுக்கும் ஆரம்ப வேகத்தைப் புதிதாகக் கொடுத்துத் தொடங்கு என்று பொருள். 0 என்றால் இருந்த வேகத்தோடு தொடர். அக்டோபரில் சோதித்துப் பார்க்க நான் 1 போட்டிருந்தேன். அப்படியே விட்டிருந்தேன். ஆகவே தினமும் மின்சாரம் வந்தவுடன் அணுக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றின் வேகம் மட்டும் ஆரம்பச் சூட்டுக்குப் போய்விடும். சூடு தணிய நேரமாகும். அதுதான் மேடு.

தவறு என்னுடையது. மேடம் எழுதிய கோப்பு எதையும் தொட வேண்டியதில்லை. மூன்று கணினிகளில் மூன்று எழுத்தை மாற்றி மறுபடி ஓட்டினால் போதும்.

மாற்றவில்லை. சொல்லவும் இல்லை. கோப்பை மூடிவிட்டு, படத்தை என் பெயரிலுள்ள இடத்தில் சேமித்தேன். டைரியில் "கண்டுபிடித்தேன்" என்று ஒரு சொல் எழுதினேன்.

அடுத்த நாலு மாதம் மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். காலை எட்டரைக்கு வந்து, வகுப்பு இல்லாத நேரமெல்லாம் தட்டச்சு. ஏப்ரலில் அவருக்குக் கருச்சிதைவு ஆனது. ஒன்பது நாள்தான் வரவில்லை. பத்தாம் நாள் வந்து, "மேடு எத்தனை ஆச்சுண்ணா?" என்று கேட்டார். எண்ணிச் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொண்டார். அப்போது என் வாய் கொஞ்சம் திறந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். திறக்கவில்லை. ஊசி, நூல் என்ற இரண்டு சொற்களும் எனக்குள் தினமும் புதிதாக இருந்தன. சித்திரைப் பௌர்ணமி வந்தது, வைகாசி வந்தது. ஒவ்வொரு முறையும் மறுநாள் போய், மேடு விடுபட்டிருக்கிறதா என்று பார்த்தேன். விடுபட்டிருந்தது. அந்த நாட்களில் நான் உற்சாகமாக இருந்ததாக டைரி சொல்கிறது.

ஜூலையில் ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முந்தைய கருத்தரங்கு. சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் கேட்பதற்கு வந்திருந்தார். எம்.எஸ்சி. மாணவர்கள் முப்பது பேர். மேடம் பச்சைப் பட்டுப்புடவை கட்டியிருந்தார். புரொஜெக்டரை ஓட்டுவது என் வேலை.

மேடம் நாற்பது நிமிடம் நன்றாகவே பேசினார். முடிந்ததும் சென்னைக்காரர் கேட்டார்: "மேடு ரெகுலரா வருது, சரி. சில எடத்துல காணோமே, அது ஏன்?"

"அது இன்டர்மிட்டன்சி சார். விட்டு விட்டு வர்ற..."

"பேரு புரியுதும்மா. காரணம்?"

மேடம் துறைத்தலைவரைப் பார்த்தார். நான் புரொஜெக்டர் பக்கத்திலிருந்து சொன்னேன்: "சார், எங்கிட்ட ஒரு படம் இருக்கு. காட்டட்டுமா?"

"யோவ், நீ சும்மா இருய்யா," என்றார் துறைத்தலைவர்.

"காட்டட்டுமே சார்," என்றார் சென்னைக்காரர்.

மேடம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் உதவிக்கு வருகிறேன் என்று நினைத்துவிட்டார். படத்தைப் போட்டேன்.

சென்னைக்காரர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "கீழ இருக்கிற சிவப்புக் கோடு என்ன?"

"கரெண்ட் வந்த நேரம் சார்."

"எந்த கரெண்ட்?"

"ஈ.பி. கரெண்ட் சார். கட் ஆகித் திரும்பி வந்த நேரம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அப்ப இந்த கேப்பு?"

"அது பௌர்ணமி சார். கிரிவலத்துக்கு அன்னிக்கு கட் பண்ண மாட்டாங்க."

இப்போது அறை முழுக்கச் சிரித்தது. சென்னைக்காரர் விரலைத் திரையில் நகர்த்தி, டிசம்பருக்கு வந்தார். "இங்க பத்து நாள் ஜாஸ்தியா காலியா இருக்கே?"

நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முப்பது மாணவர்களும் ஒரே குரலில், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல, "தீபம் சார்!" என்றார்கள்.

அவர் மேடத்தின் பக்கம் திரும்பினார். "உங்க அணுவெல்லாம் கிரிவலம் போகுதுங்க போலருக்கே மேடம்." கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். சிரித்தவர்களில் நானும் இருந்தேன்.

மேடம் கையில் லேசர் பேனா இருந்தது. அதை அணைக்கவில்லை. சிவப்புப் புள்ளி முதலில் திரையில் இருந்தது, பிறகு சுவரில், பிறகு சென்னைக்காரரின் ஷூவில். துறைத்தலைவர் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இதத்தாம்மா நான் அன்னிக்கே கேட்டேன். கரெண்ட் போனா பிரச்சினை வராதான்னு. செக் பண்ணிட்டேன்னு சொன்னியே?"

அவர் அப்படிக் கேட்டதே இல்லை. மேடம் அதை மறுக்கவும் இல்லை. "சாரி சார்" என்றார்.

மதியம் மூன்று மணிக்கு லேபுக்கு வந்தார். நான் மாணவர்கள் விட்டுப்போன கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"எப்ப தெரிஞ்சது உங்களுக்கு?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். தேதி விஷயத்தில் எனக்குப் பொய் வராது. "மார்ச் பன்னெண்டு. வியாழக்கிழமை. மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள்."

அவர் விரலை மடக்கி எண்ணினார். "நாலு மாசம்."

"நாலு மாசம் அஞ்சு நாள்."

"ஏன் சொல்லல?"

"லேப் அசிஸ்டென்ட் சொன்னா யாரு மதிப்பாங்க மேடம்? ஊசி, நூலெல்லாம் பேசுமா?"

அவருக்குப் புரியவில்லை. நெற்றியைச் சுருக்கினார். நான் ஜனவரி மாதத்து அந்தப் புதன்கிழமையைச் சொன்னேன், யாரிடம் சொன்னார் என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"அப்படிச் சொன்னேனா? ஞாபகமே இல்ல."

நடிக்கவில்லை. நான் ஆறு மாதமாகத் தினம் எடுத்துத் துடைத்து வைத்திருந்த ஒன்று அவரிடம் இல்லவே இல்லை. பிறகு கட்டளைக் கோப்பைக் காட்டச் சொன்னார். காட்டினேன். 1-இன் மேல் விரலை வைத்தார்.

"இது நீங்க போட்டது."

"ஆமா. நீங்க ஒரு தடவகூடத் தொறந்து பாக்கலையே மேடம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அழுவேன்னு பாக்கறீங்களா?" என்றார். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழவில்லை. எழுந்து போய், கால நீட்டிப்புக்கு விண்ணப்பம் எழுதினார். அதில் வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டும். துறைத்தலைவர் "பேசலாம்மா" என்றார். அடுத்த வாரமும் "பேசலாம்" என்றார். வெளியாள் முன்னால் துறையின் மானம் போய்விட்டதாக மற்றவர்களிடம் சொன்னார். ஆகஸ்ட் முப்பத்தொன்று திங்கட்கிழமை. அன்றும் கையெழுத்து ஆகவில்லை. செப்டம்பரில் மேடத்தின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. 1-ஐப் போட்டது யார் என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

கருத்தரங்குக்கு அடுத்த திங்களன்று நான் 1-ஐ 0 ஆக்கி மூன்று கணினிகளையும் முதலிலிருந்து ஓடவிட்டேன். யாரும் சொல்லவில்லை. பச்சாதாபமா என்று கேட்டால், அப்போது அப்படி எதுவும் இல்லை; சரியாக ஓடினால் என்ன வருகிறது என்று பார்க்கும் ஆசை. பதினோரு வாரம் பிடித்தது. மின்வெட்டு அதே மாதிரிதான் வந்துகொண்டிருந்தது. மேடு ஒன்றுகூட வரவில்லை. சுவருக்கு நடுவே திரவம் சீக்கிரமாகத்தான் உறைந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் அவர் சொன்ன போக்கு அப்படியே இருந்தது. ஒரு ஆய்வேட்டுக்கு இது தாராளம். மார்ச் பன்னிரண்டில் தொடங்கியிருந்தால் மே கடைசியில் முடிந்திருக்கும். எழுத அவருக்கு மூன்று மாதம் மீதி இருந்திருக்கும்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு வேங்கிக்கால் போனேன். கலெக்டர் ஆபீஸ் தாண்டி மூன்றாவது தெரு. அவர் கணவர் கதவைத் திறந்தார்.

"யாருங்க?"

"காலேஜ்லருந்து வரேன். லேப் அசிஸ்டென்ட்."

அவர் உள்ளே திரும்பி, "ஏய், உன் காலேஜ் ஆளு" என்றார். அவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அந்தக் குரலில் தெரிந்தது. மேடம் வந்தார். ஒரு மெட்ரிக் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் காலாண்டு விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. கையில் சிவப்புப் பேனா.

நான் தாளை நீட்டி, எப்படி ஓட்டினேன், எத்தனை வாரம், என்ன வந்தது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். துறையில் இருந்தபோது என் படங்களை அவர் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. வாங்கி ஒட்டிக்கொள்வார், அவ்வளவுதான்.

"கோடு கம்மியா இருக்கு," என்றார்.

"எங்க மேடம்?"

"முழுசுமே. இருக்க வேண்டியதுக்கு ஒரு இம்மி கீழ ஓடுது. ஒரு அணுவுக்கு இவ்வளவுன்னு வகுத்தீங்களே, எத்தனையால வகுத்தீங்க?"

"கோப்புல இருக்கிற அணுவ நிரலே எண்ணிக்கிற மாதிரி போட்டேன்."

"சுவர்ல இருக்கிற அணுவும் அதே கோப்புலதான் இருக்கு. அது நகராது. அதையும் சேத்து வகுத்திருக்கீங்க. முன்னாடியெல்லாம் அந்த எண்ண நான்தானே கையில குடுப்பேன்."

சொல்லிக்கொண்டே, விடைத்தாளில் போடுவதுபோல, வரைபடத்தின் இடது ஓரத்தில் சிவப்பில் ஒரு சுழி போட்டு, பக்கத்தில் சரியான எண்ணிக்கையை எழுதினார். யோசிக்கவே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு அடுக்கிய அணுக்களின் கணக்கு அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"உங்களுக்காகத்தான் கொண்டாந்தேன் மேடம்."

"எனக்கு இதுல ஆகவேண்டியது ஒண்ணுமில்லீங்க." பிறகு, கணவருக்குக் கேட்காத குரலில்: "இனிமே இங்க வராதீங்க."

திங்கட்கிழமை போய் அந்த வரியைத் திருத்தினேன். சுவர் அணுக்களைத் தள்ளிவிட்டு மறுபடி வகுத்ததும், கோடு மேலே வந்தது. மூன்றாம் அத்தியாயத்தின் பிரதி லேப் அலமாரியில் இருந்தது. எடுத்து ஒப்பிட்டேன். மூன்று வெப்பநிலைகளுக்கும், இரண்டாவது தசம இடம் வரை, அவர் எழுதியிருந்த அதே எண்கள்தான்.

மூன்று மணி சுமாருக்குத் துறைத்தலைவர் எட்டிப் பார்த்தார். புதிதாக ஒரு மாணவர் பதிவு செய்திருக்கிறார், மூன்று கணினிகளும் அவருக்கு வேண்டும் என்றார்.

"யோவ், அதுல பழைய குப்பையெல்லாம் கெடக்குமே. நாளைக்குள்ள எல்லாத்தையும் அழிச்சுக் காலி பண்ணிக் குடுத்துடு."

"அதுல மேடத்தோட ரிசல்ட் இருக்கு சார். சரியா வந்திருக்கு."

"எந்த மேடம்?" என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் மூன்றையும் காலி செய்து கொடுத்தேன்.